மழை மாலையில் பெங்களூருச் சாலைகள்: கார் வாங்கினால் பயம் தீருமா?

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது என்றும், வீடு ஈஜிபுராவிலும் அலுவலகம் பெல்லந்தூரிலும் இருப்பதால் ஸ்கூட்டரில் போய்வருவதாகவும், கோடை மழையில் இரண்டு முறை வழியில் சிக்கிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பலத்த மழை நாட்களில் இந்த ஊர்ச் சாலைகளில் பத்திரமாக வீடு திரும்ப என்ன செய்ய வேண்டும், ஒரு கார் வாங்கிவிட்டால் இந்தப் பயம் தீருமா என்பது உங்கள் கேள்வி. பின்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தீராது. கார் உங்களை நனையாமல் வைத்திருக்கும். அதே நேரத்தில், ஸ்கூட்டரில் இருந்தால் இறங்கத் துணியாத தண்ணீரில் இறங்கும் தைரியத்தையும் கொடுத்துவிடும். இந்த ஊரில் மழைநாளின் மோசமான விபத்துகளில் சில அந்தத் தைரியத்தால் நேர்ந்தவை.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். இருபத்து நான்கு ஆண்டுகளாக நிறுவன ஊழியர்களை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் கொண்டுசேர்க்கும் வண்டித் தொழிலில் இருக்கிறேன். முதல் பத்து ஆண்டுகள் வேன் ஓட்டினேன், அதன் பிறகு எந்த வண்டி எப்போது கிளம்பலாம் என்று முடிவு செய்யும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். மழைநாளில் என் வேலையின் முக்கால் பங்கு வண்டிகளை அனுப்புவதல்ல, நிறுத்திவைப்பது. நான் சொல்லப்போவதன் சாரமும் அதுதான். எப்படி ஓட்டுவது என்பதைவிட எந்த நேரத்தில் கிளம்புவது, எந்தப் பள்ளத்தைத் தவிர்ப்பது என்ற இரண்டும்தான் இந்த ஊரில் உயிரைக் காக்கின்றன.

முதலில் இங்கு பெய்யும் மழையின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜூன், ஜூலை மாதத் தூறல் நாள் முழுவதும் நசநசத்தாலும் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஏப்ரல், மே மாதங்களின் கோடை மழையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் மழையும் வேறு வகை. பகலெல்லாம் வெயில் காய்ந்து, பிற்பகலில் மேகம் திரண்டு, அலுவலகம் விடும் நேரத்துக்குச் சரியாக இடி, காற்று, சில நாட்களில் ஆலங்கட்டியுடன் கொட்டித் தீர்ப்பவை. இந்த வகை மழை அரிதாக ஜூனிலும் வருவதுண்டு: 2024 ஜூன் 2 அன்று பெய்த 111 மில்லிமீட்டர், ஜூன் மாதத்தின் ஒருநாள் மழையில் நூறாண்டுக்கும் மேற்பட்ட சாதனையை முறியடித்தது. இத்தகைய மழையின் உக்கிரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே மழை பிடித்தவுடன் 'இன்னும் வலுப்பதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்' என்று அவசரமாகக் கிளம்புகிறவர், மிக மோசமான நாற்பது நிமிடங்களைத் தேடிப்போய்ச் சாலையில் கழிக்கிறார். மழை நின்ற பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருந்து கிளம்புகிறவர் பல நாட்களில் ஏறத்தாழ அதே நேரத்துக்கு வீடு சேர்ந்துவிடுவார். இதை என் வண்டிகளின் வருகைப் பதிவேட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, தண்ணீர் எங்கே போகிறது என்ற கணக்கு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர்; ஊருக்குள் பெரிய ஆறு கிடையாது. மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகியவை வழியாகத் தென்பெண்ணைக்குப் போய், ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நம்மவர்களைச் சந்திக்கிறது. இந்தச் சரிவுகளில் ஏரிகளை அடுக்கடுக்காக வெட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீர் போக வாய்க்கால் அமைத்தார்கள் முன்னோர். ராஜகாலுவே என்று இங்கே சொல்வது அந்த வாய்க்கால்களைத்தான். பிறகு ஏரிகள் மேல் ஊர் எழும்பியது. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி இருந்த இடம். ஏரி போனாலும் பள்ளம் போகவில்லை, தண்ணீருக்கும் பழைய வழி மறக்கவில்லை.

உங்களுக்கு இதில் நேரடியான அக்கறை இருக்கிறது. கே-100 என்று அதிகாரிகள் பெயரிட்டிருக்கும் ராஜகாலுவே மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி, சாந்திநகர், கோரமங்களா வழியாகப் போய் பெல்லந்தூர் ஏரியில் விழுகிறது. அதாவது நீங்கள் தினமும் போய்வரும் வழி அந்த வாய்க்காலின் கீழ்ப்பகுதியை ஒட்டியே போகிறது. உங்கள் தலைக்கு மேல் மழை நின்றிருக்கலாம், ஏன், பெய்யாமலேகூட இருக்கலாம். மெஜஸ்டிக்கில் பெய்தது இனிமேல்தான் உங்கள் பக்கம் வந்து சேரும். ஈஜிபுராவில் வானம் வெளுத்த பிறகு தெருவில் தண்ணீர் ஏறுவதைப் புதிதாக வந்தவர்கள் வியப்போடு பார்ப்பதன் காரணம் இதுதான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பகுதியில் வெளிவட்டச் சாலையே மூழ்கி, மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன காட்சியை நாடே பார்த்தது. அதற்கு முன்பே சில நாட்களாகப் பெய்த மழையில் மேலிருந்த ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்ததே அந்த அளவு வெள்ளத்துக்கு முக்கியக் காரணம்.

ஆகவே ஒரு வெயில் நாளில், ஞாயிறு காலையாக இருந்தால் நல்லது, உங்கள் வழியை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கே சாலை இறங்குகிறது, எங்கே சிறு பாலத்தின் மேல் ஏறுகிறது, எந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் பழைய வெள்ளத்தின் பழுப்புக் கோடு இருக்கிறது, எந்தக் கடைக்காரர் வாசற்படியை இரண்டு அடி உயர்த்திக் கட்டியிருக்கிறார் என்று கவனியுங்கள். எந்த வரைபடச் செயலியும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. கைபேசி காட்டும் குறுக்குவழியை மழைநாளில் நான் நம்புவதில்லை. நெரிசல் இல்லை என்று அது நீலக் கோடு போட்டுக் காட்டும் தெரு, யாரும் போக முடியாததால்தான் காலியாக இருக்கிறது என்பது அதற்குச் சில நேரங்களில் தெரியாது.

வானிலை எச்சரிக்கைகளைப் பற்றி ஒரு சொல். இந்திய வானிலை ஆய்வு மையம் தரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் மாவட்டத்துக்குரியவை. அவற்றுக்கு அடிப்படையான மழையளவு 24 மணி நேரத்துக்குக் கணக்கிடப்படுவது. 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை. ஆனால் நகரச் சாலைக்கு ஒரு நாள் கணக்கு போதாது; நாள் முழுவதும் பரவிப் பெய்யும் 60 மில்லிமீட்டர் வடிந்துவிடும், அதே அளவு ஒரு மணி நேரத்தில் கொட்டினால் ஊர் நின்றுவிடும். எனவே மஞ்சள்தானே என்று அலட்சியம் வேண்டாம். காலையில் நிறத்தைப் பார்ப்பதோடு, கிளம்பும் முன்பு மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பையும் பாருங்கள். மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி என்ற செயலி இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட, நீங்கள் போகும் திசையில் ஏற்கனவே வீடு சேர்ந்துவிட்ட சக ஊழியர் ஒருவரிடம் பேசும் இரண்டு நிமிடம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இனி அண்டர்பாஸ்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது: பலத்த மழை பெய்யும்போதும், பெய்து ஒரு மணி நேரத்துக்குள்ளும், தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும், எந்த அண்டர்பாஸிலும் இறங்காதீர்கள். 2023 மே 21 அன்று, விதான சௌதாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில், ஆந்திராவைச் சேர்ந்த ஒரு குடும்பம் வாடகைக் காரில் இறங்கியது. வழியை மறித்து வைத்திருந்த தடுப்பு மழையில் சாய்ந்துவிட்டிருந்தது. தாண்டிவிடலாம் என்று ஓட்டுநர் நினைத்தார். நடுவில் கார் நின்றது, தண்ணீர் ஏறியது, மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள், 22 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் இறந்துபோனார். அது காட்டாற்று வெள்ளம் அல்ல; நகரின் நட்டநடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பெய்த சாதாரணக் கோடை மழை. அண்டர்பாஸ் என்பது நாலாபுறத்துச் சாலை நீரும் வந்து விழும் தொட்டி. அடியில் இருக்கும் சல்லடை வாயில் நாலு இலையும் ஒரு பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால் போதும், சில நிமிடங்களில் நீர்மட்டம் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். இறங்கும்போது பார்த்த ஆழம் நடுவே போகும்போது இருக்காது. ஓக்கலிபுரம், வின்ட்சர் மேனர், பாணத்தூர் ரயில் பாலம் என்று ஊரில் இப்படி நிறைய இடங்கள் உண்டு. சுற்றிப் போனால் இருபது நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் அளப்பது கடினம். கலங்கிய நீர் எல்லா ஆழத்திலும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நடைபாதைக் கல்லைப் பார்க்கும் பழக்கம். அதன் உயரம் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். கல்லின் மேல்விளிம்பு தெரிகிற வரை காருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஸ்கூட்டருக்கு அதில் பாதியே எல்லை. கல் மறைந்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஓடும் தண்ணீரானால் 15 சென்டிமீட்டர் ஆழமே நடப்பவரைக் கீழே தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்கவைக்கும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். கேட்பதற்கு மிகைபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிறிய கார் ஒன்று ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளம், 1.65 மீட்டர் அகலம். அதன் அடித்தட்டைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் தண்ணீரும் ஏறக்குறைய 600 கிலோ எடையைத் தூக்கும். வண்டியின் மொத்த எடையே 900 கிலோ சொச்சம். அடித்தட்டுக்கு மேல் ஒரு சாண் ஏறுவதற்குள் சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழந்துவிடும், அதன் பின் ஸ்டீயரிங் வெறும் அலங்காரப் பொருள்தான்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. வேன் ஓட்டத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகையில், ஒரு ரயில் பாலத்தின் கீழே தண்ணீர் நின்றது. எனக்கு முன்னால் மாநகரப் பேருந்து ஒன்று அனாயாசமாகக் கடந்து போனதைப் பார்த்து, அதன் பின்னாலேயே விட்டேன். பேருந்தின் அடிப்பகுதியும் காற்று உறிஞ்சும் குழாயும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, என் வேனில் எவ்வளவு தாழ்வாக இருக்கின்றன என்று நினைத்துப் பார்க்கவில்லை. பாதி தூரத்தில் எதிரே இன்னொரு பேருந்து இறங்கியது; அது தள்ளிய அலை என் பானெட்டின் மேல் ஏறி அடங்கியது, என்ஜின் ஒரு முறை விக்கி நின்றது. கதவிடுக்கு வழியாகச் சத்தமில்லாமல் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் ரப்பர் விரிப்பு மிதந்தது, பிறகு பின்சீட்டில் இருந்த ஒரு பெண்ணின் சாப்பாட்டுப் பை என் காலடிக்கு மிதந்து வந்தது. உள்விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கண்ணாடியை இறக்கி ஜன்னல் வழியாக வெளியேறி, இடுப்பளவு நீரில் கைகோத்து நடந்து மேட்டுக்கு வந்தோம். நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம், வெளியேறும் முன்பு இரண்டு முறை சாவியைத் திருப்பிப் பார்த்தது. தண்ணீர் குடித்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் அழுத்த முடியாத நீரை பிஸ்டன் அழுத்தப் பார்த்து, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்தது. செலவு முதலாளிக்கு, பிடித்தம் எனக்கு.

ஆகையால் பெரிய வண்டி போகிறதே என்பது உங்களுக்கு ஆதாரம் ஆகாது. போக முடியுமா என்பதை அங்கே நிற்கும் உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். கன்னடம் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டியதில்லை, ஈஜிபுராவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும், தெரியாதவரிடம் "முந்தெ நீரு நிந்திதெயா?" என்று கேட்டால் போதும். "ஹோகபேடி", அதாவது போகாதீர்கள், என்று பதில் வந்தால் மறுபேச்சு வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள்.

இப்போது உங்கள் ஸ்கூட்டர். மழை பிடித்த முதல் பத்து, பதினைந்து நிமிடம்தான் சாலை மிக வழுக்கலாக இருக்கும். பல நாள் சேர்ந்த எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து ஒரு படலமாக மேலே வரும், வலுத்துப் பெய்த பிறகு அது கழுவிப் போய்விடும். தூறல்தானே என்று வேகமாகப் போகிறவர்கள் விழுவது இதனால்தான். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகள், மேம்பாலத்தின் இரும்பு இணைப்புகள், மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் ஆகியவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வண்டியைச் சாய்க்காதீர்கள். நேராக, ஒரே வேகத்தில் கடந்துவிடுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறிய பின் இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் போனால் அவை காய்ந்து பிடிப்பு திரும்பும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையில் வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறொருவர் புகுந்துவிடுவார், அது இந்த ஊரின் வழக்கம், மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

'ஓரமாகப் போ' என்பது ஊரில் பெரியவர்கள் நமக்குச் சொல்லி அனுப்பும் புத்தி. நீர் நிற்கும் சாலையில் அதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். வடிகால், மூடி இல்லாத குழி, உடைந்த பலகைக்கல் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கின்றன; சாலையின் நடுப்பகுதி மேடாகவும் இருக்கும், பள்ளமும் குறைவாக இருக்கும். முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தடத்திலேயே போனால் அதன் அனுபவம் உங்களுக்குப் பயன்படும். தண்ணீர் நடுவே ஒரு மரக்கிளையோ, உடைந்த நாற்காலியோ, தலைகீழாகக் கவிழ்த்த வாளியோ நட்டுவைத்திருந்தால், அங்கே குழி இருக்கிறது என்று தெருக்காரர்கள் வைத்த எச்சரிக்கைப் பலகை அது. நீர் சுழித்துக்கொண்டு உள்ளே போகும் இடத்தில் திறந்த வாய் ஒன்று உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. குமிழியிட்டு மேலே பொங்கும் இடத்தில் சாக்கடை மூடி தூக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் விட்டு விலகுங்கள். நடந்து போவதானால் கையில் ஒரு குடையோ கம்போ வைத்துக்கொண்டு, ஊன்றிப் பார்த்த பிறகே காலை எடுத்துவையுங்கள்.

மின்சார ஸ்கூட்டர் என்றால் அதன் பேட்டரிக்கு ஐ.பி. 67 தரம் இருக்கிறது, தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று விற்பவர் சொல்லியிருப்பார். அந்தத் தரத்தின் பொருள், ஒரு மீட்டர் ஆழம் வரையிலான அசையாத சுத்தமான நீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தார்கள் என்பதே. கல்லும் சேறும் கலந்து மோதும் வெள்ளத்தில் ஓட்டலாம் என்பதல்ல. மழை நீரில் மூழ்கிய வண்டியை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சேவை மையத்தில் காட்டிய பிறகு போடலாம். மழைக்கோட்டைப் பொறுத்தவரை, போர்வைபோல விரிந்து பறக்கும் வகை சக்கரத்தில் சிக்கும். சட்டையும் பேன்ட்டுமாகத் தனித்தனியாக இருப்பதை, கறுப்பு தவிர்த்த பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள்.

மழைக்கு ஒதுங்க மேம்பாலத்தின் கீழ் வண்டியை நிறுத்துவது இங்கே எல்லாரும் செய்வது. பத்து வண்டி நின்றால் ஒரு தடம் போய்விடுகிறது, ஐம்பது நின்றால் சாலையே அடைபடுகிறது, கண்ணாடியில் தண்ணீர் வழிய வேகமாக வரும் கார்க்காரருக்கு அந்த இருட்டில் நிற்பவர்கள் தெரிவதுமில்லை. ஒதுங்குவதானால் பெட்ரோல் பங்க், உணவகம், வணிக வளாகம் என்று சாலையை விட்டு முழுவதும் உள்ளே தள்ளியிருக்கும் இடத்துக்குப் போங்கள். மரத்தடி கூடவே கூடாது. குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் இந்த ஊருக்கு அழகு சேர்ப்பவை, ஆனால் நடைபாதை போடவும் குழாய் பதிக்கவும் அவற்றின் வேரை ஒரு பக்கம் அறுத்து, அடிவரை சிமென்ட் பூசிவிட்டிருக்கிறோம். கோடை மழைக்கு முன்னால் வரும் காற்றில் அவைதான் முதலில் சாய்கின்றன. ஒவ்வொரு மே மாதமும் நடப்பதுதான் இது. விளம்பரப் பலகையின் அடியும் அப்படியே. இடி கேட்கும் தூரத்தில் மின்னல் வந்துவிட்டது என்றால், இரும்புக் கூரையுள்ள மூடிய கார் பாதுகாப்பான இடம். ஸ்கூட்டர் அல்ல, தகரக் கொட்டகையும் அல்ல.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் தண்ணீரைப் போல அது கண்ணுக்குத் தெரிவதில்லை. 2023 நவம்பரில், ஒயிட்ஃபீல்டு அருகே ஹோப் ஃபார்ம் சந்திப்பில், நடைபாதையில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்த ஓர் இளம் தாயும் கையிலிருந்த குழந்தையும் இறந்தார்கள். அப்போது மழைகூட இல்லை. மழையும் சேர்ந்தால் கம்பி இருக்கும் இடமே தெரியாது. நடைபாதைமேல் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர், தெருவிளக்குக் கம்பம், கம்பத்தில் கட்டிய விளம்பரச் சட்டம், கடையின் இரும்புக் கதவு எதையும் தண்ணீரில் நின்றுகொண்டு பிடிக்காதீர்கள். அறுந்த கம்பியைக் கண்டால் குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நின்று, 1912 என்ற மின்வாரிய எண்ணுக்குச் சொல்லுங்கள். கால்களில் சுரீரென்ற உணர்வு வந்தால் பெரிய எட்டு வைத்து ஓடக் கூடாது. இரண்டு பாதங்களுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக்கூட உடலில் பாயும் மின்சாரமும் கூடும். பாதங்களை ஒட்டிவைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்த வழியே பின்வாங்க வேண்டும். காரின் மேல் கம்பி விழுந்துவிட்டால், தீப்பிடிக்காத வரை, உள்ளேயே உட்கார்ந்து 112-ஐ அழைப்பதுதான் சரி.

காரில் போகிறவர்களுக்கு ஓட்டும் முறையில் சொல்ல வேண்டியது அதிகமில்லை. தாழ்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்; நான்கு இன்டிகேட்டரையும் சிமிட்டவிட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அது ஓட்டத் தகாதது. மழைக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

கார் தண்ணீரில் நின்றுவிட்டால் செய்ய வேண்டியதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் கூப்பிடுவதற்கு முன்பு, சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்க வேண்டும். மின்சாரக் கண்ணாடிகள் முதல் சில நிமிடங்கள் வேலை செய்யும், பிறகு செய்யாமல் போகலாம். வெளியே நீர்மட்டம் கதவின் பாதியைத் தாண்டினால் அதன் அழுத்தத்தை மீறிக் கதவைத் தள்ளுவது பலசாலிக்கும் கடினம், ஜன்னல்தான் வழி. கண்ணாடி இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் சிறு சுத்தியலாலோ, இருக்கையின் தலையணையைக் கழற்றி அதன் இரும்புக் காலாலோ இடிக்க வேண்டும். முன்கண்ணாடியை இடித்து நேரத்தை வீணாக்காதீர்கள், இரண்டு அடுக்காக ஒட்டியது என்பதால் அது விரிசல் விடுமே தவிர வழிவிடாது. குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பி, காரின் கூரைமேல் ஏற்றுங்கள். கைப்பை, மடிக்கணினி எதற்காகவும் ஒரு நொடிகூடத் தாமதிக்க வேண்டாம். நீர் வடிந்த பிறகு, நான் செய்ததைச் செய்யாமல், சாவியைத் தொடாமல், வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இல்லாவிட்டால் அந்தச் செலவு உங்களுடையதாகிவிடலாம்.

உங்கள் மனைவி அலுவலக வண்டியில் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: ஓட்டுநர் தண்ணீரில் இறங்கத் தயாரானால், "அண்ணா, வேண்டாம், நிறுத்துங்க, காத்திருக்கலாம்" என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஓட்டுநர்கள் பலரும் தாமதத்துக்குத் திட்டு விழும் என்ற பயத்தில்தான் இறங்குகிறார்கள். பயணியே தாமதமானால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி. இதை மேசையின் இந்தப் பக்கம் இருந்துகொண்டே சொல்கிறேன். வீட்டிலிருந்து வரும் அழைப்புகளும் இதே வேலையைச் செய்கின்றன. 'எங்கே வந்துகொண்டிருக்கிறாய்' என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால், நிற்க வேண்டியவரும் கிளம்பிவிடுவார். மழை பிடித்தால் ஒரே ஒரு செய்தி, இரண்டு மணி நேரம் தாமதம் என்று, அதன் பிறகு கேள்வியில்லை. இப்படி இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் மழை மாலை இப்படி இருக்கலாம். அலுவலக மேசையில் ஒரு மாற்றுச் சட்டை, பிஸ்கட், சார்ஜர். மழை பிடித்தால், அது நின்று முக்கால் மணி நேரம் கழியும் வரை இடத்தை விட்டு நகர்வதில்லை. இரவு ஒன்பதாகியும் வெளிவட்டச் சாலையில் நீர் வடியவில்லை என்றால் ஸ்கூட்டரை அங்கேயே, முடிந்தால் அடித்தளத்தில் இல்லாமல் மேல்தளத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் வருவது. பேருந்து நின்றுபோனாலும் நீங்கள் நீர்மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பீர்கள். தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதென்றால் மாநகராட்சியின் 1533 எண்ணுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார், இருந்தாலும் புகார் பதிவாக வேண்டும்.

கார் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தையும் வயதான பெற்றோரும் உள்ள வீட்டுக்கு அது தேவைதான். வாங்கும்போது தரைக்கும் அடித்தட்டுக்கும் இடைவெளி கூடுதலாக உள்ள வண்டியாகப் பாருங்கள், மேற்சொன்ன காப்பீட்டைச் சேருங்கள், முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஒன்றை வாங்குங்கள். அதை டிக்கியில் போட்டுவைக்காமல், பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் கை எட்டும் இடத்தில் மாட்டிவையுங்கள்.